எண்பத்து மூன்று என்று சொன்ன லூமிர் குசேரா

லூமிர் குசேராவிடம் போய் "மழை வரும் போலிருக்கு" என்று சொன்னால், வானத்தைப் பார்ப்பதற்கு முன்னால் உங்களைத்தான் பார்ப்பார். மழை வந்தால் இவனுக்கு என்ன லாபம் என்று யோசிப்பார்.

அது பிறவிக் குணம் இல்லை, தொழில் கொடுத்த குணம். நெப்ராஸ்காவில் நானூற்றுப் பன்னிரண்டு பேர் இருக்கிற ஹோலப் என்ற ஊரில், கூட்டுறவுத் தானியக் கிடங்கின் வே பிரிட்ஜில் முப்பத்து நாலு வருஷம் உட்கார்ந்திருந்தவர் அவர். சோள லாரி மேடையில் ஏறும், பக்கவாட்டில் இருக்கும் சின்ன ஜன்னல் வழியாக லூமிர் பார்ப்பார். பாரத்தோடு ஒரு எடை, கொட்டிவிட்டு வந்தபின் காலி லாரிக்கு ஒரு எடை. ஈரச் சோளத்தைக் காய்ந்த சோளத்துக்கு அடியில் ஒளிப்பவர்கள், டீசல் டேங்கை நிரப்பிக்கொண்டு வந்து காலி எடைக்கு முன்னால் இறக்கிவிடுகிறவர்கள் என்று எல்லா வகையும் அந்த ஜன்னலில் தெரியும். ட்வேன் வாவ்ரா ஒரு தடவை மச்சானை லாரிக் கேபினின் தரையில் படுக்க வைத்துக்கொண்டு வந்தார். பார எடை போட்டதும் மச்சான் நைசாக இறங்கிக் காபி குடிக்கப் போய்விட வேண்டும், காலி எடையில் அவர் இருக்கக் கூடாது, அதுதான் திட்டம். காட்டிக் கொடுத்தது வாவ்ராவின் நாய். சீட்டில் உட்கார்ந்திருந்த அது ரோட்டைப் பார்க்காமல் கீழேயே பார்த்துக்கொண்டிருந்தது.

"யோவ் ட்வேன், உன் நாய் யாரைய்யா பாக்குது?"

"எலி இருக்கும்."

"எலி இருமுதேய்யா."

இது நடந்து பத்தொன்பது வருஷம். லூமிர் மறக்கவில்லை, ட்வேனை மறக்க விடவும் இல்லை.

அவர் ஓய்வு பெற்ற வருஷம் ஊர் பேஸ்பால் குழுவுக்கு ஒரு ரேடார் கன் வாங்க முடிவானது. பிட்சர் எறிகிற பந்து எத்தனை மைல் வேகம் என்று சொல்கிற கருவி அது. ஹோலப்பில் எல்லாப் பிட்சர்களின் அப்பாக்களும் தங்கள் பையன் தொண்ணூறு மைல் எறிகிறான் என்று சத்தியம் செய்துகொண்டிருந்த காலம். கன்னை யார் தேர்ந்தெடுப்பது, யார் கையில் வைத்திருப்பது என்று கூட்டத்தில் கேட்டபோது ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கடைசியில் எல்லாரும் லூமிரைப் பார்த்தார்கள். யாரையும் நம்பாத ஆளைத்தான் எல்லாரும் நம்ப முடியும்.

மூன்று கன்களை வரவழைத்தார். ஒன்று ஷெரிஃப் ஆபீஸ் கழித்துப் போட்டது. அது பந்தையும் காட்டியது, பின்னால் நெடுஞ்சாலையில் போன மாட்டு லாரியையும் காட்டியது. இரண்டாவது விளையாட்டுச் சாமான் போல லேசாக இருந்தது. சும்மா மேஜைமேல் வைத்தாலே நாற்பத்தொன்று என்றது, பக்கத்தில் மின்விசிறி ஓடியதால். மூன்றாவதை ஒரு விற்பனையாளர் நேரில் கொண்டுவந்தார். பாகு தடவின குரல் அவருக்கு.

"சார், இதுல எல்லாமே இந்தப் புத்தகத்துல இருக்கு சார். ஒரு தடவ படிச்சுட்டா போதும் சார்."

"புத்தகத்த எழுதினது யாரு?"

"எங்க கம்பெனிதான் சார்."

"அப்ப அது விக்கிறவன் எழுதின புத்தகம். இங்கயே வைங்க" என்று வாங்கி, உறையைப் பிரிக்காமலேயே பெட்டியின் அடியில் போட்டார்.

பெட்டிக்குள் அவருக்குப் பிடித்த ஒன்று இருந்தது. ஓர் இசைக்கவை. அதை முழங்காலில் தட்டி, அதிர அதிரக் கன்னின் முகத்துக்கு நேரே பிடித்தால் திரையில் சரியாக அறுபது வர வேண்டும். வே பிரிட்ஜில் படிக்கல் வைத்துச் சோதிப்பது போலத்தான். அறுபது வந்தது. மறுபடி தட்டினார், மறுபடி அறுபது. ஆனால் இசைக்கவையையும் அதே கம்பெனிதானே கொடுத்திருக்கிறது? அதனால் மனைவி ஆர்லிஸைக் கூப்பிட்டார்.

அந்தப் பக்கத்து மண் சாலைகள் எல்லாம் மைலுக்கு ஒன்று, கோடு போட்டது போல ஓடும். ஒரு குறுக்குச் சாலையிலிருந்து அடுத்த குறுக்குச் சாலைவரை சரியாக ஒரு மைல். பிக்கப் வண்டியை வேகம் மாறாதபடி அறுபதில் க்ரூஸ் போட்டுவிட்டால், அந்த ஒரு மைலுக்குச் சரியாக ஒரு நிமிஷம் ஆக வேண்டும். ஸ்டாப்வாட்சும் கன்னுமாக லூமிர் சாலை நடுவில் நின்றார். ஆர்லிஸ் புழுதி கிளப்பிக்கொண்டு வந்தாள். அறுபது, அறுபது, அறுபது என்று திரை சொல்லிக்கொண்டே இருந்தது. வண்டி கிட்ட வந்ததும் அவர் பள்ளத்துப் பக்கம் ஒதுங்கினார். ஐம்பத்தேழு.

"ஏன் பிரேக் போட்ட?"

"நான் எங்க பிரேக் போட்டேன்? க்ரூஸ்ல வச்சா வச்ச இடம். பிரேக்குல காலே வைக்கல."

"ஐம்பத்தேழு காட்டுது."

"அப்ப உன் கன்னு பொய் சொல்லுது."

"கன்னு அதுவரைக்கும் சரியா சொல்லிச்சு. நீ என்னப் பாத்துப் பயந்துட்டு மிதிச்சிருப்ப."

"ஒன்னப் பாத்துப் பயந்து நான் மிதிக்கணும்னா ஆக்சிலேட்டரத்தான் மிதிச்சிருப்பேன், மனுஷா."

லூமிர் நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதினார்: 60, 60, 60. கன் சரி. கடைசியில் 57 — ஆர்லிஸ் பிரேக் போட்டாள். அவள் எட்டிப் பார்த்துவிட்டு, வீடுவரை பேசவில்லை.

இப்படித்தான் அந்தக் கன் ஊருக்கு வந்தது. ஆறு வருஷமாக ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரே முறை. ஆட்டத்துக்கு முன் இசைக்கவை, ஆட்டத்துக்குப் பின் இசைக்கவை. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் அன்றைய எண்கள் செல்லாது. அவருடைய பிக்கப் நிற்பது முதல் பேஸ் பக்கத்து வேலியோரம், இலந்த மரம் மாதிரி வளைந்த ஒரு முள் மரத்தின் நிழலில். ஜன்னலை இறக்கி, முழங்கையை வைத்து, பக்கவாட்டிலிருந்து கன்னைப் பிடிப்பார். முப்பத்து நாலு வருஷம் ஜன்னல் வழியாகவே உலகத்தைப் பார்த்தவருக்கு அதுதான் சௌகரியம். அங்கிருந்தால் பிட்சரும் தெரிவான், கேலரியும் தெரியும், அப்பாக்கள் யார் யாரோடு குசுகுசுக்கிறார்கள் என்பதும் தெரியும்.

ட்வேன் வாவ்ரா மட்டும் ஒவ்வொரு வருஷமும் கத்துவார். எதிரே நிற்பவரிடம் பேசும்போதும் டிராக்டர் சத்தத்துக்கு மேலே பேசுவது போலத்தான் பேசுவார்.

"யோவ் லூமிர்! கேட்சருக்குப் பின்னாடி வந்து உக்காருய்யா! ஊர்ல எல்லாவனும் அங்கதான் உக்காருவான்!"

"ஏன், நீயும் அங்கதான உக்காந்திருக்க? என் தோளுக்கு மேல எட்டிப் பாக்கவா?"

"எட்டிப் பாத்தா பந்து வேகமாப் போயிடுமா?"

"ஒன்கிட்ட எது எப்படிப் போகும்னு எனக்குத் தெரியாதுப்பா. உன் நாய்கிட்டத்தான் கேக்கணும்."

எல்லாரும் சிரிப்பார்கள். பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

ட்வேனின் மகன் ரீஸ், பதினெட்டு வயது, இடதுகைக்காரன். இந்தக் கோடையில் ஹோலப்பின் பெரிய நம்பிக்கை அவன்தான். அவன் பந்து, நேர் எதிரே உட்கார்ந்து பிடிக்கிற கேட்சரின் கையுறையில் விழுகிற சத்தம் பார்க்கிங் வரை கேட்கும். ஆனால் லூமிரின் திரையில் எண்பத்து மூன்று. மறுபடி எண்பத்து மூன்று. ஒரு தடவை எண்பத்து நாலு.

மேற்கே நாலு மணி நேரத் தொலைவில் ஒரு கல்லூரி. அங்கே பயிற்சியாளர் மேக்லின். வருஷா வருஷம் லூமிருக்கு போன் செய்வார். வாயில் எப்போதும் சூரியகாந்தி விதை, பேச்சுக்கு நடுவில் தூ, தூ என்று கேட்கும்.

"மிஸ்டர் குசேரா, எல்லா ஊர்லயும் எல்லாப் பயலும் தொண்ணூறுங்கறாங்க. தூ. உங்க ஊர்ல மட்டுந்தான் நிஜ நம்பர் வருது. வாவ்ரா பையன் எத்தன?"

"எண்பத்து மூணு."

"ச்ச. எண்பத்து ஏழு இருந்தாக்கூட வண்டிய எடுத்திருப்பேன். தூ. ஒரே ஒரு எடந்தான் பாக்கி இருக்கு. சனிக்கிழம ஆட்டம் இருக்குல்ல? ஞாயித்துக்கிழம சாயந்திரத்துக்குள்ள சொல்லுங்க. எண்பத்து ஏழுன்னு நீங்க சொன்னா செவ்வாய்க்கிழம வர்றேன். இல்லன்னா வேற பையனுக்குக் குடுத்துருவேன்."

ரீஸுக்கு வேறு எந்தக் கல்லூரியும் கடிதம் போடவில்லை. இந்த ஓர் இடம்தான். அதுவும் லூமிரின் வாயில் இருந்து வரப்போகிற ஓர் எண்ணில் தொங்கிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை லூமிர் மைதானத்துக்குப் போனால், அவருடைய முள் மரத்தடியில் பெரிய வெள்ளைக் கூடாரம். தன்னார்வத் தீயணைப்புப் படைக்கு நிதி திரட்ட கொலாச்சே என்கிற இனிப்பு பன் விற்பனை. பாப்பி விதை வைத்தது, ஆப்ரிகாட் வைத்தது, தட்டுத் தட்டாக. பெரிய மின்விசிறி ஒன்று ஈ ஓட்டிக்கொண்டிருந்தது. கூடாரத்துக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தவர் தீயணைப்புப் படைத் தலைவர். அதாவது ட்வேன் வாவ்ரா.

"இங்க யாருய்யா போடச் சொன்னா?"

"நிழல் இங்கதான இருக்கு! கொலாச்சே வெயில்ல கெடந்தா யாரு வாங்குவா?"

"முப்பது வருஷமா நிழல் இங்கதான் இருக்கு. இன்னைக்குத்தான் ஒனக்குத் தெரிஞ்சுதா?"

"யப்பா, ஒனக்கு ஒரு ஆப்ரிகாட் தர்றேன், சும்மா குடுக்கறேன், போய் எங்கயாச்சும் உக்காரு!"

சும்மா கொடுக்கிறானாம். லூமிர் வாங்கவில்லை. வேறு இடமே இல்லாததால் கேட்சருக்குப் பின்னால், கம்பி வலையை ஒட்டி ஒரு மடக்கு நாற்காலியைப் போட்டார். இசைக்கவையைத் தட்டினார். அறுபது. ரீஸ் காலைத் தூக்கி முதல் பந்தை எறிந்தான்.

எண்பத்தொன்பது.

லூமிர் கன்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடுத்த பந்து எண்பத்தெட்டு. அதற்கடுத்தது தொண்ணூறு.

ஒரு வாரத்தில் ஆறு மைல் கூடிய கையை அவர் பார்த்ததே இல்லை. எடை கூடினால் கேபினுக்குள் யாரோ படுத்திருக்கிறான் என்றுதான் அர்த்தம். முதலில் பேட்டரியை மாற்றினார். எண்பத்தொன்பது. கூடாரத்துக்குப் போய் மின்விசிறியின் பிளக்கைப் பிடுங்கினார். கொலாச்சே விற்ற பெண்கள் மூன்று பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

"ஏ லூமிர்! ஈ மொய்க்குது பாரு!"

"ரெண்டே பந்து. பொறுங்க."

எண்பத்தொன்பது. பிளக்கைச் செருகிவிட்டு வந்தார். அடுத்து அம்பயரிடம் பந்தைக் கேட்டார். முகர்ந்து பார்த்தார், தையலை விரலால் தடவினார், கையில் தூக்கி எடை பார்த்தார். அம்பயருக்கு மூக்கால் பேசுகிற குரல்.

"திருப்தியா, மிஸ்டர் குசேரா? இல்ல, நக்கியும் பாக்கறீங்களா?"

இன்னிங்ஸ் இடைவேளையில் பிக்கப்பிலிருந்து நீள டேப்பை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குள் இறங்கினார். பிட்சர் நிற்கிற மேட்டிலிருந்து, மட்டை பிடிப்பவன் நிற்கிற ஹோம் பிளேட்வரை அளந்தார். அறுபதடி ஆறு அங்குலம். மயிரிழை குறையவில்லை. கேலரி கைதட்டியது. "அப்படியே என் வயலையும் அளந்துட்டுப் போ லூமிர்!" என்று யாரோ கூவினார்கள். ரீஸ் மட்டும் சிரிக்கவில்லை. தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கிட்ட வந்தான்.

"மிஸ்டர் குசேரா, எத்தன வருது?"

"ஆட்டம் முடியட்டும்."

"எங்கப்பா ஒண்ணும் பண்ணல சார். கூடாரத்த அம்மாதான் அங்க போடச் சொன்னாங்க. சத்தியமா."

லூமிர் அவனை ஒரு பார்வை பார்த்தார். கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிறவனை வே பிரிட்ஜில் நம்பியதே இல்லை அவர். ஆனால் இந்தப் பையனின் கண் கீழே போகவில்லை.

ஆட்டம் முடிந்ததும் இசைக்கவை. அறுபது. முன்னும் பின்னும் ஒத்துப்போகிறது. அவருடைய சட்டப்படி அன்றைய எண்கள் செல்லும். ஆனால் போன வாரத்து எண்பத்து மூன்றும் அதே சட்டப்படி செல்லும். ஒரே லாரிக்கு இரண்டு எடை. ஒன்று பொய்.

ராத்திரிச் சாப்பாட்டில் உருளைக்கிழங்கைக் கிளறிக்கொண்டே இருந்தார். ஆர்லிஸ் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள்.

"யாரு மேல சந்தேகம் இன்னைக்கு?"

"ட்வேன் மேல. கன் மேல. பந்து மேல. எல்லாம் சரியாத்தான் இருக்கு. கடைசில எது மாறிச்சுன்னே தெரியல."

"நீ உக்காந்த எடம் மாறிச்சுல்ல?"

"எடத்துக்கும் வேகத்துக்கும் என்ன சம்பந்தம்? பந்து போற வேகம் போற வேகந்தான்."

ஆர்லிஸ் முள்கரண்டியைக் கீழே வைத்தாள். ஆறு வருஷமாகக் காத்திருந்தவள் வைக்கிற மாதிரி, மெதுவாக.

"அன்னைக்கு ரோட்டுல, நேரா நின்னப்ப எத்தன காட்டிச்சு?"

"அறுபது."

"நீ பள்ளத்துப் பக்கம் ஒதுங்கினப்ப?"

லூமிர் நோட்டை எட்டி எடுத்து முதல் பக்கத்தைத் திருப்பினார்.

"நான் பிரேக் போடல, லூமிர்."

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் இருவரும் அதே சாலைக்குப் போனார்கள். ஆர்லிஸ் ஞாயிற்றுக்கிழமை உடுப்பிலேயே ஓட்டினாள். கிளம்பும் முன் பிக்கப்பின் பின்பக்கம் ஒரு குச்சியை நட்டு, பிரேக் விளக்கு எரிந்தால் அதன் சிவப்பு முன்னால் நிற்கிற தனக்கும் தெரிகிற மாதிரி பளபளக்கும் தகர மூடி ஒன்றையும் கட்டினார் லூமிர். ஆர்லிஸ் பார்த்துவிட்டு இன்ஜினைக் கிளப்பினாள். முதல் ஓட்டத்தில் சாலை நடுவில் நின்றார். அறுபது. இரண்டாவது ஓட்டத்தில் ஆரம்பத்திலிருந்தே பள்ளத்துக்கு அப்பால், வேலியோரம் நின்றார். தூரத்தில் அறுபது. கிட்ட வரவர ஐம்பத்தொன்பது, ஐம்பத்தேழு, ஐம்பத்து மூன்று. தகர மூடியில் சிவப்பே தெரியவில்லை.

பெட்டியைத் திறந்து, அடியிலிருந்த புத்தகத்தின் உறையைப் பல்லால் கிழித்தார். நாலாம் பக்கத்திலேயே படம். கேட்சருக்குப் பின்னால் ஓர் ஆள் கன்னோடு நிற்கிறான், பக்கத்தில் சரி என்று குறி. பக்கவாட்டு வேலியோரம் இன்னோர் ஆள், அவன்மேல் பெரிய பெருக்கல் குறி. அவன் தொப்பிகூட லூமிரின் தொப்பி மாதிரியே இருந்தது. பந்துக்கு நேரே நில், விலக விலகக் கருவி குறைத்துத்தான் காட்டும் என்று ஒரே வரி.

ஆறு வருஷமாக இசைக்கவையை மட்டும் கன்னுக்கு நேரே பிடித்திருக்கிறார். அதனால் கன் ஒருநாளும் தப்பவில்லை. கன்னைப் பிடித்தவர் உட்கார்ந்த இடம்தான் தப்பு. அதை எந்தக் கவையும் சொல்லாது. சொன்ன ஒரே ஆள் ட்வேன்.

"அந்த நாய் வச்சிருந்தவன் சொன்னது நெஜமா?" என்று தனக்குள் முனகினார்.

"நோட்ட எடு" என்றாள் ஆர்லிஸ்.

வே பிரிட்ஜில் எடைச் சீட்டைத் திருத்த ஒரு முறை உண்டு. அழிக்கக் கூடாது, கிறுக்கக் கூடாது. தப்பான எண்ணின் மேல் ஒரே கோடு. பக்கத்தில் சரியான எண். அதன் பக்கத்தில் கையெழுத்தின் முதல் எழுத்துகள். முப்பத்து நாலு வருஷத்தில் தன் தப்புக்காக அவர் அந்தக் கோட்டைப் போட்டதில்லை. பிக்கப்பின் சூடான பானெட் மேல் நோட்டை வைத்து, 'ஆர்லிஸ் பிரேக் போட்டாள்' என்பதன் மேல் முதல் கோட்டைப் போட்டார். 'போடவில்லை' என்று எழுதினார்.

"இன்ஷியல்" என்றாள் ஆர்லிஸ்.

போட்டார்.

சாயந்திரம் மேக்லினுக்குத் தானே போன் செய்தார்.

"எண்பத்தொன்பது."

அந்தப் பக்கம் விதை கடிக்கும் சத்தம் நின்றது. "போன வாரம் எண்பத்து மூணுன்னீங்க."

"போன வாரம் நான் தப்பான எடத்துல உக்காந்திருந்தேன். ஆறு வருஷமா அங்கதான் உக்காந்திருந்தேன். நான் உங்களுக்குச் சொன்ன எல்லா நம்பரும் கொறச்சல்."

"மிஸ்டர் குசேரா, பையனோட அப்பா ஏதாச்சும்..." தூ. "தப்பா எடுத்துக்காதீங்க. யாராச்சும் உங்கள நெருக்கறாங்களா?"

முப்பத்து நாலு வருஷம் அடுத்தவரைக் கேட்ட கேள்வி, முதல் தடவையாகத் தன் காதில் விழுந்தது. நன்றாக இல்லை.

"நெருக்கல. என்ன நம்பவும் வேண்டாம். செவ்வாக்கெழம உங்க கன்னைக் கொண்டாங்க. நீங்களே பாருங்க. அவ்வளவுதான் நான் கேக்கறேன்."

தூ என்று ஒரு விதை விழுந்தது. "ஆறு மணிக்கு வர்றேன்" என்றார் மேக்லின்.

திங்கட்கிழமை நோட்டோடு கேஸ் கம்பெனி வாசலுக்குப் போனார். முதல் வருஷத்துப் பிட்சர் டெரெக் சொபோட்டா அங்கே டாங்கர் லாரி ஓட்டுகிறான். அந்தக் கோடையில் அவன் எண்பத்திரண்டு. மேக்லின் அவனுக்காகவும் வண்டியை எடுக்கவில்லை. லூமிர் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை டெரெக் கையுறையைக் கழற்றாமல் நின்றான்.

"அப்ப நான் எத்தன?"

"எண்பத்தெட்டு இருக்கும்."

"இத இப்ப ஏன் வந்து சொல்றீங்க? உங்களுக்கு என்ன வேணும்?"

"ஒண்ணும் வேணாம்."

"ஒண்ணும் வேணாம்னு யாரும் கேஸ் கம்பெனி வரைக்கும் வரமாட்டாங்க, மிஸ்டர் குசேரா. நீங்களே சொல்லுவீங்க அத."

லூமிர் நோட்டைத் திறந்து, 82-ன் மேல் கோடு போட்டார். 88. இன்ஷியல். டெரெக் ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு, "நான் அவ்வளவு வேகமா எறிஞ்சேன்னு எங்க வீட்டுக்காரி ஒருநாளும் நம்பல, தெரியுமா" என்றான். போனை எடுத்து அந்தப் பக்கத்தைப் படம் பிடித்தான். நன்றி சொல்லவில்லை, லாரியில் ஏறிப் போனான். அதுவும் நியாயம்தான் என்று லூமிருக்குப் பட்டது. நோட்டில் இன்னும் இருபத்தாறு பெயர்கள் இருந்தன.

செவ்வாய்க்கிழமை மேக்லின் வந்தார். கேட்சருக்குப் பின்னால் நின்று கன்னைத் தூக்கினார். ட்வேன் வாவ்ரா ஏழு வரிசை தள்ளி உட்கார்ந்து, முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டிருந்தார். லூமிர் மேக்லினின் தோளுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டார். ரீஸ் எறிந்தான்.

மேக்லினின் திரையில் எண்பத்தெட்டு. லூமிரின் திரையில் எண்பத்தொன்பது. பன்னிரண்டு பந்து வரை அப்படியே, ஒரு மைல் வித்தியாசத்தில். மேக்லின் வாயிலிருந்த விதைகளை மொத்தமாகத் துப்பினார்.

"போதும். தம்பி, ஆகஸ்ட்ல வந்துரு" என்றார் ரீஸிடம். கேலரியில் ட்வேன் எழுந்த வேகத்தில் காபி கொட்டிய சத்தமும், அதற்கு மேல் அவருடைய அலறலும் கேட்டன.

லூமிர் திரும்பவில்லை. மேக்லினின் கன்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன, மிஸ்டர் குசேரா?"

"எண்பத்தெட்டு காட்டுதே உங்களோடது. இத எங்க வாங்கினீங்க?" சட்டைப் பையிலிருந்து இசைக்கவையை எடுத்து முழங்காலில் தட்டினார். "கொஞ்சம் நேராப் பிடிங்க. பாத்துருவோம்."